உளவளத்துணையில் யோகமும் கலையும்: பேச இயலாத துயரங்களுக்கு ஒரு வழி

இந்நாட்டில் ஓர் அனர்த்தம் நிகழ்ந்ததும் இறந்தோர் எத்தனை பேர், காணாமற்போனோர் எத்தனை பேர், முற்றாகச் சேதமடைந்த வீடுகள் எத்தனை என்ற விபரங்கள் நாள்தோறும் வெளியிடப்படுவது வழக்கம். நிவாரணமும் நட்டஈடும் அக்கணக்கின்படியே வழங்கப்படுகின்றன. ஆனால், உயிர் தப்பியோரின் மனங்களில் ஏற்பட்ட சேதத்தை எந்தவோர் அரச அட்டவணையும் பதிவுசெய்வதில்லை. 2025 நவம்பர் மாத இறுதியில் டித்வா புயல் 600இற்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. அப்போது மண்சரிவில் உறவுகளைப் பறிகொடுத்த மலையக மக்களைப் பொறுத்தவரையிலும் இதுவே உண்மையாகும். வீதிகள் சீர்செய்யப்பட்டன, பாலங்கள் மீள அமைக்கப்படுகின்றன. மழை இருட்டும்போதெல்லாம் நித்திரையின்றி விழித்திருக்கும் தாயின் நிலை என்ன என்பதை விசாரிப்பார் அருந்தலாகவே உள்ளனர்.

தமிழ் பேசும் மக்களைப் பொறுத்தவரை இது புதிய அனுபவமன்று. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் படுகொலை செய்யப்பட்டமை, அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்டமை, 2004 டிசெம்பரில் ஆழிப்பேரலை கரையோரங்களை விழுங்கியமை, 2009 மே மாதம்வரை வன்னியில் நிகழ்ந்த பேரழிவு, 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் உள்ளிட்ட இடங்களில் நடந்த குண்டுத்தாக்குதல்கள், அதனைத் தொடர்ந்து அப்பாவி முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டமை என ஒரு காயம் ஆறுமுன்னரே அடுத்த காயம் ஏற்பட்டு வந்துள்ளது. ஒரே மனிதர் தமது வாழ்நாளில் இவற்றுள் இரண்டையோ மூன்றையோ நேரில் கண்டவராக இருப்பது எமது பிரதேசங்களில் வெகு சாதாரணமாகும்.

இவற்றின் விளைவுகள் ஆய்வுகளிலும் பதிவாகியுள்ளன. யுத்தம் முடிவுற்ற 2009ஆம் ஆண்டிலேயே யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்தப்பட்ட ஆய்வொன்றின் முடிவுகள் 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியாகின. அதன்படி, ஆய்வுக்குட்பட்டோரில் 7 வீதமானோரிடம் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயின் அறிகுறிகளும், 32.6 வீதமானோரிடம் பதகளிப்பும், 22.2 வீதமானோரிடம் மனச்சோர்வும் காணப்பட்டன. அப்போது இடம்பெயர்ந்திருந்தோரை மட்டும் தனியே நோக்கியபோது இவை முறையே 13, 48.5, 41.8 வீதமாக உயர்ந்தன. புத்தளத்தில் நீண்டகாலமாக இடம்பெயர்ந்து வாழ்ந்த வடபுல முஸ்லிம்கள் 450 பேரிடம் மேற்கொள்ளப்பட்டு 2013இல் வெளியான ஆய்வில், 18.8 வீதமானோருக்குப் பொதுவான உளநோய்களுள் ஏதேனும் ஒன்று இருந்தமை தெரியவந்தது. வெளியேற்றப்பட்டு இரு தசாப்தங்கள் கடந்த பின்னரும் நிலைமை இதுவென்றால், காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்ற நம்பிக்கையை நாம் மீள்பரிசீலனை செய்ய வேண்டியுள்ளது.

இத்தகையோருக்கு அளிக்கப்படும் பிரதான உதவி உளவளத்துணையாகும். மேலைநாடுகளில் உருவாகி இங்கு வந்த அம்முறையின் அத்திவாரம் பேச்சாகும். துயருற்றவர் மனந்திறந்து பேசுவார், துணையாளர் கேட்பார், அப்பேச்சினூடாகத் தெளிவு பிறக்கும் என்பதே அதன் எதிர்பார்ப்பு. ஆனால், எமது கிராமத்துப் பெண்ணொருத்தி அறிமுகமற்ற ஒருவர் முன் கதிரையில் அமர்ந்து தன் உள்ளத்தைத் திறப்பாள் என எதிர்பார்ப்பது எவ்வளவு பொருத்தமானது? ‘விசர்’ என்ற பட்டம் தனக்கும், மணமாகாத தன் பிள்ளைகளுக்கும் வந்துவிடுமோ என அவள் அஞ்சுகிறாள். சொல்லும் சொல் யாருடைய காதுக்குச் சென்று என்ன வினையை ஏற்படுத்துமோ என்ற அச்சமும், ஆண்டுக்கணக்கான கண்காணிப்பின் கீழ் வாழ்ந்த சமூகத்தில் எளிதில் விலகுவதில்லை.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. எமது மக்கள் மனத்துயரைப் பெரும்பாலும் உடலின் மொழியிலேயே கூறுகின்றனர். “நெஞ்சை அடைக்கிறது”, “தலைக்குள் ஏதோ ஓடுகிறது”, “கைகால் எரிகிறது” என்று வெளிநோயாளர் பிரிவுக்கு வருவோரில் எத்தனை பேர் வலிநிவாரணிக் குளிசையுடன் திருப்பி அனுப்பப்படுகின்றனர் என்பதை மருத்துவர்கள் அறிவர். இவர்கள் பொய் சொல்லவில்லை. பேரதிர்ச்சிக்குள்ளான மனிதரின் உடல், ஆபத்து நீங்கிய பின்னரும் ஆபத்து நீங்காதது போலவே இயங்கிக் கொண்டிருக்கிறது. இதயம் படபடக்கிறது, தசைகள் இறுகுகின்றன, சிறு ஓசைக்கும் உடல் துள்ளுகிறது. நடந்ததைச் சொல்லுமாறு கேட்டால் வார்த்தை வருவதில்லை. மாறாக, நினைவு காட்சியாக வந்து தாக்குகிறது. பேச்சை மட்டும் நம்பியிருக்கும் உளவளத்துணை தடைப்படுவது இவ்விடத்திலேயாகும்.

இத்தடையைத் தாண்டுவதற்கான முயற்சியாகவே, யோகப் பயிற்சியையும் கலை வெளிப்பாட்டையும் உளவளத்துணையுடன் இணைக்கும் முறை உலகின் பல பாகங்களிலும் கவனத்தைப் பெற்று வருகின்றது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 177 நாடுகளின் இணை அனுசரணையுடன் 2014 டிசெம்பரில் நிறைவேற்றிய தீர்மானத்தின் மூலம் ஜூன் 21ஆம் திகதியைச் சர்வதேச யோகா தினமாகப் பிரகடனப்படுத்தியது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிராந்திய அலுவலகம் 2019இல் வெளியிட்ட அறிக்கையொன்று 3,000இற்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி, உடல், உள நலத்தில் கலைகளின் பங்கை எடுத்துக்காட்டியது. இவ்விரண்டையும் வெறும் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடும் காலம் கடந்துவிட்டது என்பதையே இவை உணர்த்துகின்றன.

யோகம் தமிழருக்கு அந்நியமானதன்று. திருமூலரின் திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விரித்துரைக்கின்றது. எனினும், சிகிச்சையில் பயன்படும் யோகம் முத்தியை நாடும் யோகமன்று. எளிய ஆசனங்கள், நிதானமான மூச்சு, உடலின் உணர்வுகளைக் கவனித்தல் என்ற மூன்றுமே அதன் உள்ளடக்கமாகும். கலைச் சிகிச்சையோ இருபதாம் நூற்றாண்டில் உருவானது. காசநோயால் பீடிக்கப்பட்டு ஆரோக்கிய நிலையத்தில் தங்கியிருந்த பிரித்தானிய ஓவியர் ஏட்ரியன் ஹில், வரைதல் தமக்கும் சக நோயாளருக்கும் அளித்த ஆறுதலைக் கண்டு 1942இல் அப்பெயரைச் சூட்டினார். அதே காலப்பகுதியில் தெரெசின் நாஸி தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டிருந்த ஓவிய ஆசிரியை ஃபிரீடல் டிக்கர் பிரண்டைஸ், அங்கிருந்த யூதச் சிறுவர்களுக்கு இரகசியமாக ஓவியம் கற்பித்தார். அவரும் அச்சிறுவரில் பெரும்பாலானோரும் பின்னர் கொல்லப்பட்டனர். எஞ்சிய சுமார் 4,500 ஓவியங்கள், வார்த்தை தோற்ற இடத்தில் வர்ணம் பேசும் என்பதற்கு இன்றும் சாட்சியாக உள்ளன.

இவ்விரண்டையும் ஏன் இணைக்க வேண்டும் என்ற வினா எழலாம். காரணம் எளிமையானது. பதற்றத்தில் உறைந்துபோன உடலுடன் ஒருவர் எதையும் வெளிப்படுத்த இயலாது. வெளிவிடும் மூச்சை நீட்டி நிதானமாகச் சுவாசிக்கும்போது உடலைச் சாந்தப்படுத்தும் நரம்புத்தொகுதி தூண்டப்படுகின்றது; இதயத்துடிப்பு தணிகின்றது; தசைகள் தளர்கின்றன. ஆகவே முதலில் உடல் அமைதியடைகின்றது. அமைதியடைந்த நிலையில் கையில் களிமண்ணோ வர்ணமோ கிடைக்கும்போது, உள்ளே உருவமின்றிக் கிடந்தது வெளியே ஓர் உருவத்தைப் பெறுகின்றது. அவ்வுருவம் தன்னிலிருந்து ஓரடி தள்ளி, கடதாசியில் இருக்கின்றது. “எனக்கு என்ன நடந்தது” என்று கூற இயலாதவர் “இந்தப் படத்தில் இருக்கும் வீட்டுக்கு என்ன நடந்தது” என்று கூற முற்படுகின்றார். பேச்சு மூன்றாவதாகவே வருகின்றது. இறுதியில் மீண்டும் மூச்சுப் பயிற்சி. கிளறப்பட்ட மனத்தை அப்படியே வீட்டுக்கு அனுப்பாமல், அமைதிப்படுத்தி அனுப்புவதே அதன் நோக்கமாகும்.

இம்முறைகளின் பயன் குறித்து என்ன சான்றுகள் உள்ளன என்பதை நிதானமாக நோக்க வேண்டும். அமெரிக்க உளமருத்துவர் பெசல் வான் டெர் கொல்க் தலைமையிலான குழுவினர், ஏனைய சிகிச்சைகளால் குணமடையாத 64 பெண்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2014இல் வெளியானது. பத்து வாரங்கள் யோகப் பயிற்சி பெற்றோரில் 52 வீதமானோர் மனவடு நோய்க்கான வரையறையிலிருந்து விடுபட்டனர். சுகாதாரக் கல்வி மட்டும் பெற்றோரில் இது 21 வீதமாகவே இருந்தது. ஆழிப்பேரலையின் பின்னர் அந்தமான் தீவுகளில் 47 பேருக்கு ஒரு வாரகாலம் யோகப் பயிற்சி வழங்கப்பட்டபோது, அவர்கள் உணர்ந்த அச்சம், பதற்றம், துயரம், நித்திரைக் குழப்பம் ஆகியன குறைந்தமை 2007இல் பதிவாகியது.

எமது மண்ணிலேயே நடந்த ஆய்வொன்று இவற்றைவிட நமக்கு முக்கியமானது. ஆழிப்பேரலைக்குப் பின் வடகிழக்கில் முகாமொன்றில் தங்கியிருந்த, மனவடுவுக்கு உள்ளான 31 சிறுவர்கள் இரு பிரிவினராக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்குத் தமது வாழ்க்கைக் கதையை ஒழுங்காக விவரிக்கும் சிகிச்சையும், மற்றப் பிரிவினருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் ஆறு அமர்வுகளில் வழங்கப்பட்டன. வழங்கியோர் வெளிநாட்டு நிபுணர்களல்லர். உள்ளூரில் பயிற்றப்பட்ட ஆசிரிய ஆலோசகர்கள். ஆறு மாதங்களின் பின் முதற்பிரிவில் 81 வீதமானோரும் இரண்டாம் பிரிவில் 71 வீதமானோரும் மீண்டிருந்தனர். சிகிச்சை எதனையும் பெறாத பிரிவொன்று ஒப்பீட்டுக்கு இல்லாமையும், எண்ணிக்கை சிறியதாயிருந்தமையும் அதன் குறைபாடுகளாகும். ஆயினும், இரு முறைகளுக்கிடையே பெரிய வேறுபாடு காணப்படவில்லை என்பது சிந்திக்கத்தக்கது. எளிய சாந்தப் பயிற்சிகளை எமது ஆசிரியர்களே கற்றுப் பயனுறக் கையாள முடியும் என்பதற்கு இது நல்ல அறிகுறியாகும்.

மறுபக்கத்தையும் மறைக்காது கூறுவதே நேர்மையாகும். யாழ். மாவட்டத்தில் 12 பாடசாலைகளைச் சேர்ந்த 399 சிறுவர்களிடம், கலை வெளிப்பாட்டையும் உளவியல் நுட்பங்களையும் இணைத்து 15 அமர்வுகளாக நடத்தப்பட்ட திட்டமொன்றின் முடிவுகள் 2012இல் வெளியாகின. நடத்தைப் பிரச்சினைகள் குறைந்தன. ஆண் சிறுவர்களும் வயதிற் குறைந்தோரும் சில நன்மைகளை அடைந்தனர். ஆனால் மனவடு அறிகுறிகளைப் பொறுத்தவரை, அத்திட்டத்திற் பங்குபற்றிய சிறுமியர், பங்குபற்றாது காத்திருந்த சிறுமியரைவிடக் குறைவான முன்னேற்றத்தையே காட்டினர். அதே ஆண்டில் பிரித்தானியாவில் மனச்சிதைவு நோயாளர் 417 பேரிடம் மேற்கொள்ளப்பட்ட பெரிய ஆய்வு, குழுமுறைக் கலைச் சிகிச்சையினால் குறிப்பிடத்தக்க பயன் ஏதும் கிட்டவில்லை என முடிவுரைத்தது. எல்லா நோய்க்கும் எல்லோருக்கும் பொருந்தும் சர்வரோக நிவாரணியாக இவற்றை விளம்பரப்படுத்துவோரிடம் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டியதன் அவசியத்தை இவை வலியுறுத்துகின்றன. யோகத்தையும் கலையையும் ஒருங்கிணைத்த முறைக்கெனத் தனியான, பெரிய அளவிலான ஆய்வுகளும் போதியளவு இல்லை.

இவ்விடயத்தில் எமது சமூகங்களுக்கு நீண்ட சொந்த அனுபவம் இருப்பதை இளைய தலைமுறையினர் பலர் அறியார். யாழ்ப்பாணத்தில் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவருடன் பணியாற்றியோரும் யுத்த நெருக்கடியின் நடுவிலேயே யோகம், மூச்சுப் பயிற்சி, தசைத் தளர்வு போன்ற சாந்த வழிமுறைகளைச் சமூக உளநலப் பணியில் சேர்த்தனர். சைவருக்கு மந்திர உச்சாடனம், கிறிஸ்தவருக்கு ஜெபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர், பௌத்தருக்கு ஆனாபானசதி என ஒவ்வொருவரும் தத்தமது மரபிலிருந்தே சாந்தியைத் தேட இடமளித்தமை அவ்வணுகுமுறையின் சிறப்பாகும். யாழ்ப்பாணத்தின் சாந்திகம் நிறுவனம் உளவளத்துணையாளர்களைப் பயிற்றுவிப்பதில் ஆற்றிய பங்கும் நினைவுகூரத்தக்கது. குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘அன்னை இட்ட தீ’ போன்ற நாடகங்கள் யுத்தத்தின் உளப் பாதிப்புகளை மேடைக்குக் கொண்டுவந்தன.

கிழக்கில், 1996இல் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் இணைந்து மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா உலகின் கவனத்தையே ஈர்த்தது. தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் சிறுவர்கள் ஒன்றாக அழைத்துவரப்பட்டனர். வரைந்தனர், களிமண்ணில் உருவங்கள் செய்தனர், கதை சொன்னார்கள், நாடகமாடினர், மரங்களையும் பிராணிகளையும் பராமரித்தனர். நடந்ததைச் சொல்லுமாறு எவரும் அவர்களை வற்புறுத்தவில்லை. பெற்றோர் ஒருவரையொருவர் ஐயத்துடன் நோக்கிய காலத்தில், பிள்ளைகள் ஒரே களிமண்ணைப் பிசைந்தனர். உளச் சிகிச்சையும் சமூக நல்லிணக்கமும் ஒரே செயலின் இரு பக்கங்களாக அமையலாம் என்பதற்கு இதனைவிடச் சிறந்த உதாரணம் எமக்குத் தேவையில்லை.

எனினும், யோகம் என்றதும் முஸ்லிம் வாசகர்கள் பலரின் உள்ளத்தில் ஒரு தயக்கம் எழுவது இயல்பே. அத்தயக்கத்தை அறியாமையென இகழ்வது முறையாகாது. 2008 நவம்பரில் மலேசியாவின் தேசிய பத்வாச் சபை, இந்து சமய வழிபாட்டுக் கூறுகளைக் கொண்ட யோகத்தை முஸ்லிம்கள் தவிர்க்க வேண்டுமென அறிவித்தது. மந்திர உச்சாடனமற்ற உடற்பயிற்சிக்குத் தடையில்லை என அந்நாட்டுப் பிரதமர் அப்துல்லா படாவி பின்னர் விளக்கமளித்தார். 2009 ஜனவரியில் இந்தோனேசிய உலமா சபையும் இதேபோன்று, மந்திரமும் சமயச் சடங்கும் கலந்த யோகத்தைத் தடுத்து, உடற்பயிற்சியாக அமைவதை அனுமதித்தது. 2017 நவம்பரில் சவூதி அரேபியா யோகத்தை விளையாட்டுச் செயற்பாடுகளில் ஒன்றாக அங்கீகரித்தது. ஆக, முஸ்லிம் உலகில் இவ்விவாதம் ஏற்கெனவே நடந்துள்ளது. வழிபாட்டையும் உடற்பயிற்சியையும் வேறுபடுத்திப் பார்க்கும் வழியும் அதில் புலப்படுகின்றது.

வரலாற்றையும் சற்று நோக்கலாம். பதஞ்சலியின் யோக சூத்திரத்தை பதினோராம் நூற்றாண்டிலேயே அரபு மொழியிற் பெயர்த்தவர் பேரறிஞர் அல்-பிரூனி ஆவார். அவருக்கும் முன்னர், ஒன்பதாம் நூற்றாண்டில் பிறந்த அபூ ஸைத் அல்-பல்கீ, உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் இணைத்து எழுதி, அச்சம், சோகம், கோபம் முதலியவற்றுக்கான பரிகாரங்களை ஆராய்ந்தார். உளநலத்தைப் பேசுவது முஸ்லிம்களுக்குப் பிறரிடமிருந்து கடன்பெற்ற விடயமன்று என்பதற்கு இது சான்றாகும்.

ஆகவே, பொதுச் சேவையில் யோகம் இடம்பெறுவதாயின் அது சமயச் சின்னங்களற்றதாக இருத்தல் வேண்டும். படங்களுக்கு முன் விளக்கேற்றி மந்திரம் கூறித் தொடங்கும் ஒரு வகுப்புக்குள் முஸ்லிம் தாயொருத்தியையோ கிறிஸ்தவ இளைஞனையோ அமர்த்திவிட்டு, ‘இது வெறும் உடற்பயிற்சியே’ என்று கூறுவது நேர்மையற்றது. அதேவேளை, மந்திரத்திலேயே அமைதியைக் காணும் சைவப் பெண்ணுக்கு அதனை மறுப்பதும் நியாயமன்று. மூச்சு எல்லோருக்கும் பொதுவானது. அதன்மேல் எந்தச் சொல்லை ஏற்றுவது என்பதை அவரவர் தீர்மானிக்கட்டும். கலையிலும் இதே நிதானம் தேவை. உயிருருவங்களை வரையத் தயங்கும் குடும்பத்துப் பிள்ளையிடம் மனித உருவத்தை வரையுமாறு வற்புறுத்த வேண்டியதில்லை. கொடியும் இலையும் கோணவடிவங்களும் எழுத்தணிக் கலையும் அப்பிள்ளையின் மனத்தைச் சுமக்கப் போதுமானவை.

கலை என்பது வர்ணப் பெட்டி மட்டுமன்று. எமது கிராமங்களில் பெண்கள் கூடி ஒப்பாரி வைத்தமை துயரை வெளியேற்றும் ஒரு சமூக ஏற்பாடாகவே இருந்தது. மட்டக்களப்பின் கூத்து, மலையகத்தின் காமன் கூத்து, கிழக்கிலங்கை முஸ்லிம் பெண்களின் நாட்டார் கவிகள், பன்பாய் இழைத்தல், முற்றத்துக் கோலம் என்பன யாவும் எமது கைக்கெட்டிய தூரத்தில் உள்ள வளங்கள். யுத்தமும் இடப்பெயர்வும் இவற்றை நிகழ்த்துவதற்கான கூட்டத்தையும் வெளியையும் சிதைத்தன. இறந்தவரின் உடலே கிடைக்காதபோது ஒப்பாரியும் இல்லாமற்போனது. வெளிநாட்டுக் கையேட்டை மொழிபெயர்ப்பதற்கு முன்னர், இவற்றுள் எவற்றை மீட்டெடுக்கலாம் என்று ஆராய்வதே பொருத்தமானது.

இனி, ஆபத்துகளைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். சித்திரவதைக்கு உள்ளான ஒருவரைக் கண்களை மூடி மல்லாந்து படுக்கச் சொல்வது அவரை மீண்டும் அந்த அறைக்கே கொண்டுசெல்லக்கூடும். வேகமாக மூச்சிழுத்து விடும் பயிற்சிகள் பீதியைத் தூண்டலாம். பயிற்றுநர் அனுமதியின்றி உடலைத் தொட்டுத் திருத்துவது, பாலியல் வன்முறைக்குள்ளான பெண்ணுக்குப் புதியதொரு காயமாகும். மனச்சிதைவு போன்ற கடும் உளநோயுடையோருக்கு நீண்டநேரத் தியானம் தீங்காக முடியலாம். ‘யோகம் செய்கிறேன், இனி மருந்து வேண்டாம்’ என்று மருத்துவர் வழங்கிய மருந்தைத் தாமாகவே நிறுத்துவோரும் உள்ளனர். இது உயிராபத்தானது. இம்முறைகள் மருத்துவத்துக்குத் துணையேயன்றி மாற்றீடல்ல என்பதை அழுத்திக் கூறுகின்றோம்.

கலையின் பெயரால் நிகழும் தவறுகளும் சிறியனவல்ல. பிள்ளை கறுப்பு நிறத்தைப் பயன்படுத்தியதால் அதற்கு மனச்சோர்வு எனத் தீர்ப்புக் கூறும் அரைகுறை வியாக்கியானங்கள் ஒருபுறம். சிறுவர்கள் தமது பயங்கரங்களைத் தீட்டிய படங்களைக் கண்காட்சியிலும் உதவி வழங்குவோருக்கான அறிக்கையிலும் பிரசுரித்து நிதி திரட்டுவது மறுபுறம். மருத்துவரிடம் நோயாளி கூறியவை எவ்வாறு இரகசியமோ, சிகிச்சையில் வரையப்பட்ட ஓவியமும் அவ்வாறே இரகசியமாகும். அது வரைந்தவருக்கே உரியது. ஆழிப்பேரலைக்குப் பின் கரையோர முகாம்களுக்குக் கிரேயோன் பெட்டிகளுடன் வந்து, வரையச் சொல்லி, அழவைத்து, படம் பிடித்துச் சென்றோர் பலர் மீண்டும் அப்பிள்ளைகளைப் பார்க்கவே இல்லை. காயத்தைத் திறந்தவர் அதை மூடும்வரை உடனிருக்க வேண்டும் என்பது இத்துறையின் முதலாவது ஒழுக்க விதியாகும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு விடயம் உண்டு. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரத்தில் அமர்ந்த காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் கேட்டது மன அமைதியை அன்று. தமது பிள்ளைகள் எங்கே என்ற பதிலையே கேட்டனர். இறந்துவிட்டார் என்று அழவும் இயலாமல், இருக்கிறார் என்று மகிழவும் இயலாமல் தொங்கும் அத்துயருக்கு எந்த ஆசனமும் எந்த வர்ணமும் முடிவைத் தந்துவிடாது. நீதியும் உண்மையும் மறுக்கப்படும் இடத்தில், ‘மூச்சை இழுத்து விடுங்கள், மறந்துவிடுங்கள்’ என்று போதிப்பது சிகிச்சையன்று. அது மௌனமாக்கும் தந்திரமாகும். 1990இல் வெளியேற்றப்பட்டு, சொந்த மண்ணில் மீளக் குடியமர முயன்று காணிக்காக அலைந்த முஸ்லிம் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். நித்திரையற்ற தாய்க்கு நித்திரையைத் தருவது அவசியம். அவள் தன் கேள்வியைத் தொடர்ந்து கேட்பதற்கான தெம்பை அந்த நித்திரை தர வேண்டுமேயன்றி, கேள்வியை அவளிடமிருந்து பறிப்பதாக அமையலாகாது.

அவ்வாறாயின் செய்ய வேண்டியது யாது? வளங்கள் எம்மிடமே உள்ளன. யாழ். பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகின்றது. யாழ்ப்பாணத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகத்தின் வழிவந்த கற்கைகளும், மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் ஆண்டுதோறும் கலைப் பட்டதாரிகளை உருவாக்குகின்றன. அவர்களுட் பலர் வேலையின்றிக் காத்திருக்கின்றனர். மறுபுறத்தில், உளமருத்துவப் பிரிவுகளோ ஆளணிப் பற்றாக்குறையால் திணறுகின்றன. மருத்துவ பீடங்கள், சித்த மருத்துவத் துறை, அழகியற் கற்கை நிறுவனங்கள் ஆகிய மூன்றையும் இணைத்து, மேற்பார்வையுடன் கூடிய பயிற்சி நெறியொன்றை உருவாக்குவது கடினமானதன்று. பிரித்தானியாவில் கலைச் சிகிச்சையாளர் என்ற பெயரே சட்டத்தாற் பாதுகாக்கப்பட்டுள்ளது. இங்கோ சில நாட்கள் செயலமர்வில் கலந்துகொண்டவரும் தம்மைச் சிகிச்சையாளரென அறிமுகப்படுத்திக்கொள்ளத் தடையேதும் இருப்பதாகத் தெரியவில்லை. இந்நிலை மாற்றப்பட வேண்டும்.

பாடசாலைகளில் சித்திரம், சங்கீதம், நடனம் ஆகிய பாடங்கள் பரீட்சைப் புள்ளிகளுக்கான பந்தயமாக மாறியுள்ளன. வாரத்தில் ஒரு பாடவேளையாவது புள்ளியற்ற, போட்டியற்ற கலைக்கு ஒதுக்கப்படுமாயின், ஆசிரியர்கள் துயருற்ற பிள்ளையை நேரகாலத்துடன் இனங்காண வாய்ப்புண்டு. பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஆலய பரிபாலன சபைகளும் தேவாலயங்களும் இதனைத் தத்தமது மக்களுக்கு விளக்க முன்வர வேண்டும். குறிப்பாக, எந்த மூச்சுப் பயிற்சி தடையற்றது, எது தவிர்க்கத்தக்கது என்பதை உலமாக்களும் உளமருத்துவர்களும் ஒரே மேசையில் அமர்ந்து தெளிவுபடுத்தினால், தேவையற்ற ஐயங்கள் நீங்கும். மனவேதனையால் தவிப்போர் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தை நாடலாம் என்பதையும் இச்சந்தர்ப்பத்தில் வாசகர்களுக்கு நினைவூட்டுகின்றோம்.

எல்லாவற்றுக்கும் முதலாக, இத்திட்டங்கள் இனரீதியாகப் பிரிக்கப்படலாகாது. தமிழருக்கொரு நிலையம், முஸ்லிம்களுக்கொரு நிலையம் எனப் பிரிந்து எமது காயங்களையும் நாம் பங்குபோட்டுக் கொள்வோமாயின், ஒருவர் மற்றவரின் துயரை அறியும் வாய்ப்பை என்றென்றைக்குமாக இழந்துவிடுவோம். காத்தான்குடியிற் கணவனை இழந்த பெண்ணும் முள்ளிவாய்க்காலில் பிள்ளையை இழந்த பெண்ணும் ஒரே பாயில் அமர்ந்து ஒருமுறை ஆழமாக மூச்சுவிடட்டும். பின்னர் தத்தமது கதையை வரையட்டும், இழைக்கட்டும், பாடட்டும். அரசியல்வாதிகளின் மேடைகளில் இதுவரை கிட்டாத ஒரு புரிந்துணர்வு அங்கு தோன்றக்கூடும். அதற்குத் தேவைப்படுவது பெருந்தொகை நிதியன்று. பயிற்றப்பட்ட சிலரும், ஒரு பாதுகாப்பான இடமும், தொடர்ந்து செல்லும் மனவுறுதியுமே ஆகும். சுகாதார அமைச்சும் மாகாண நிர்வாகங்களும் பல்கலைக்கழகங்களும் இதில் இனியும் காலந்தாழ்த்தாது இணைந்து செயற்பட வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.